கில் ஹாட்ஜஸுக்காக ஒரு ஜெபம்

1/
1953, மே மாதம். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி. ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல புழுக்கம். புனித பிரான்சிஸ் சேவியர் தேவாலயத்தில் திருப்பலி நடக்கிறது. பிரசங்கம் பண்ண வேண்டிய ஃபாதர் ஹெர்பர்ட் ரெட்மண்ட் பிரசங்கமே பண்ணவில்லை. இந்த வெக்கையில் எதுக்கு, வீட்டுக்குப் போங்க, கட்டளைகளைக் கடைப்பிடிங்க, கில் ஹாட்ஜஸுக்காக ஒரு ஜெபம் சொல்லுங்க என்கிற மாதிரி சொல்லி அனுப்பிவிட்டார்.

2/
யார் இந்த கில் ஹாட்ஜஸ்? சாகக் கிடந்த நோயாளியா? இல்லை. புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் பேஸ்பால் வீரர். அவருக்கு வந்த வியாதி ஒன்றே ஒன்றுதான். பந்தை அடித்தால் ஹிட் ஆகவில்லை.

இன்றைக்கு இந்த மனுஷன் கதையைச் சொல்லப் போகிறேன். கடைசியில் இது நம்ம ஓ.பி. வரைக்கும் வரும். கொஞ்சம் பொறுமையாகப் படிங்க.

3/
பேஸ்பால் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிஷப் பாடம். பேட்டர் பந்தை அடித்து, ஃபீல்டர் அவரை அவுட் ஆக்குவதற்குள் பத்திரமாக பேஸுக்குப் போய்ச் சேர்ந்தால் அது ஹிட். பத்து வாய்ப்பில் மூன்று ஹிட் அடித்தால் 0.300. அவர் நட்சத்திரம். அதாவது பத்தில் ஏழு முறை தோற்பவர்தான் அங்கே பெரிய ஆள்.

தோல்வியை இவ்வளவு வெளிப்படையாகக் கணக்கு வைக்கும் விளையாட்டு வேறு எதுவும் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

4/
ஹாட்ஜஸ் 1924 ஏப்ரல் 4-ல் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. இரண்டாம் உலகப் போரில் மரைன் படையில் சேர்ந்து ஒகினாவா வரை போய், பிரான்ஸ் ஸ்டார் பதக்கத்தோடு திரும்பினார். முதலில் கேட்சர். ராய் கேம்பனெல்லா அணிக்குள் வந்த பிறகு முதல் பேஸுக்கு மாறினார்.

1950 ஆகஸ்ட் 31-ல் ஒரே ஆட்டத்தில் 4 ஹோம் ரன் அடித்தார். சாதாரண ஆள் இல்லை.

5/
1952 சீசனில் அவருடைய சராசரி 0.254. ஆனால் 32 ஹோம் ரன், 102 ரன்களை உள்ளே அனுப்பியவர். அணி நேஷனல் லீகில் முதலிடம்.

அப்போது பிளே ஆஃப் என்று நீளமான கட்டங்கள் கிடையாது. இரண்டு லீக், ஒவ்வொன்றிலும் 8 அணி. லீகில் முதலிடம் வருபவர் நேராக வேர்ல்ட் சீரிஸ். மற்ற எல்லாருக்கும் சீசன் அத்தோடு முடிந்தது.

6/
புரூக்ளின் ரசிகர்கள் நிலைமையையும் சொல்லணும். 1916, 1920, 1941, 1947, 1949. ஐந்து முறை வேர்ல்ட் சீரிஸ் போய் ஐந்து முறையும் தோல்வி. 1950-ல் சீசனின் கடைசி நாளில் வாய்ப்பு போச்சு. 1951-ல் பாபி தாம்சன் அடித்த ஒரே ஒரு ஹோம் ரன்னில் போச்சு.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பது அந்த ஊர்க்காரர்களின் பழமொழியாகவே ஆகிவிட்டது. வருஷா வருஷம் நெஞ்சு வலியை விலை கொடுத்து வாங்கிய கூட்டம்.

7/
1952 வேர்ல்ட் சீரிஸ். எதிரில் பக்கத்து ஊர்ப் பணக்கார அணி, நியூயார்க் யாங்கீஸ். ஏழு ஆட்டத்தில் நான்கு ஜெயிக்க வேண்டும். ஐந்து ஆட்டம் முடிந்தபோது டாட்ஜர்ஸ் 3-2 என்று முன்னிலை. மீதி இரண்டும் சொந்த மைதானமான எபெட்ஸ் ஃபீல்டில்.

இரண்டிலும் தோற்றார்கள். ஆறாவது 3-2. ஏழாவது 4-2. கையில் கிடைத்தது வாய்க்கு எட்டவில்லை.

8/
அந்த ஏழு ஆட்டத்திலும் ஹாட்ஜஸ் ஆடினார். 21 வாய்ப்பு. ஹிட் எத்தனை? பூஜ்ஜியம்.

ஐந்து முறை வாக் கிடைத்து முதல் பேஸுக்குப் போனார், அது மட்டும்தான். ஏழாவது ஆட்டத்தை இரண்டே ரன்னில் தோற்ற அணியில், ஒரு பெரிய பேட்டர் 21-க்கு 0. பழி போட இதைவிட வசதியான ஆள் கிடைப்பாரா?

9/
இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. புரூக்ளின் ரசிகர்கள் அவரைத் திட்டவில்லை.

இவர்கள் ஒன்றும் சாதுவான கூட்டம் இல்லை. சொந்த அணி ஆட்டக்காரர்களையே கூச்சல் போட்டு விரட்டுபவர்கள். ஆனால் ஹாட்ஜஸ் ஒவ்வொரு முறை பேட் பிடித்து வரும்போதும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எபெட்ஸ் ஃபீல்டில் கூச்சல் வாங்காத ஒரே டாட்ஜர் அவர்தான் என்று அவரோடு ஆடிய பிட்சர் கிளெம் லாபைன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

10/
ஏன் அவருக்கு மட்டும்? அவர் அந்த ஊர் மாப்பிள்ளை. புரூக்ளின் பெண் ஜோனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு அங்கேயே குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவார், தெருவில் பார்த்தால் நின்று பேசுவார். அவுட் கொடுத்தால் அம்பயரோடு சண்டைக்குப் போக மாட்டார். பேட்டைத் தூக்கி வீச மாட்டார்.

ஸ்கோர்போர்டில் மட்டும் பார்த்த ஆளைத் திட்டுவது சுலபம். தினமும் பார்க்கிற ஆளைத் திட்ட வாய் வராது. மனித சுபாவம் அப்படி.

11/
அடுத்த வருஷம், 1953. சீசன் தொடங்கியது. வியாதி குணமாகவில்லை. மே மாதத்தில் சராசரி 0.200-க்கும் கீழே. மேனேஜர் சார்லி டிரெஸ்ஸன் அவரைச் சில ஆட்டங்களுக்கு உட்கார வைத்தார்.

வீட்டுக்குக் கடிதங்கள் குவிந்தன. ஜெபமாலை அனுப்பியவர்கள் உண்டு. புனிதர் பதக்கம், அதிர்ஷ்டத் தாயத்து அனுப்பியவர்கள் உண்டு. இப்படி நில், அப்படிப் பிடி என்று எழுதிய தெருமுனை நிபுணர்களும் உண்டு. ஃபாதர் ரெட்மண்ட் ஜெபம் சொல்லச் சொன்னது இந்தச் சமயத்தில்தான்.

12/
டிரெஸ்ஸன் இன்னொரு வேலை பண்ணினார். ஹாட்ஜஸ் ஆடுவதைப் படம் எடுத்து அவருக்கே காட்டினார். பந்து வரும்போது முன்னங்கால் பந்தை நோக்கிப் போகாமல் விலகிப் போகிறது என்பது தெரிந்தது. உடம்பு விலகினால் வெளிப்பக்கம் வரும் பந்து எட்டாது. நிற்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்றினார்கள்.

1953-ல் இது ஒரு புதுமை. இன்றைக்கு வீடியோ அனாலிசிஸ் என்று தனி ஆளே வைத்திருக்கிறார்கள்.

13/
அப்புறம் என்ன ஆச்சு? ஹாட்ஜஸ் அடிக்க ஆரம்பித்தார். சீசன் முடிவில் சராசரி 0.302. 31 ஹோம் ரன். 122 ரன்களை உள்ளே அனுப்பினார். அணி 105 வெற்றி.

வேர்ல்ட் சீரிஸில் மறுபடி அதே யாங்கீஸ். ஹாட்ஜஸ் 22-க்கு 8, அதாவது 0.364. அணி? மறுபடி தோற்றது. 4-2. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.

14/
சரி, இப்போ டாக்டர் கேள்விக்கு வருவோம். அவரைக் குணப்படுத்தியது எது?

ஜெபமா? படம் எடுத்துக் காட்டியதா? பெஞ்சில் உட்கார்ந்த ஓய்வா? கைதட்டலா? புரூக்ளினில் யாரைக் கேட்டாலும் ஜெபம் என்பார்கள். டிரெஸ்ஸனைக் கேட்டால் படம் என்பார். ஆளுக்கு ஒரு பதில் இருக்கும். யாரும் சொல்லாத ஐந்தாவது பதில் ஒன்று உண்டு.

15/
1886-ல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் அளந்து பார்த்தார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாக இருந்தார்கள், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. மிகக் குள்ளமான பெற்றோரின் பிள்ளைகள் குள்ளம்தான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. இரு கோடியில் இருப்பதும் அடுத்த முறை நடுவை நோக்கி நகர்ந்தது.

இதற்கு சராசரிக்குத் திரும்புதல் என்று பெயர். மருத்துவ ஆராய்ச்சி படிக்கிறவர்கள் இரவில் கனவிலும் மறக்கக் கூடாத விஷயம்.

16/
கணக்குப் போட்டுப் பாருங்க. சராசரி 0.254 உள்ள ஒருத்தர் ஒரு குறிப்பிட்ட 21 வாய்ப்பில் ஒரு ஹிட்டும் அடிக்காமல் போக எவ்வளவு சாத்தியம்? 0.746-ஐ 21 முறை பெருக்கினால் சுமார் 470-ல் ஒன்று வரும். அபூர்வம்தான்.

ஆனால் ஹாட்ஜஸ் தன் வாழ்நாளில் 7,000 வாய்ப்புக்கு மேல் ஆடியவர். அத்தனை நீளமான ஓட்டத்தில் இப்படி ஒரு வறட்சி எங்கேயாவது வந்தே தீரும். அது உலகமே பார்க்கிற வேர்ல்ட் சீரிஸில் வந்து தொலைந்தது. போதாததுக்கு எதிரில் ரெனால்ட்ஸ், ராஸ்கி, லோபாட் என்ற மூன்று பிரமாதமான பிட்சர்கள்.

17/
பள்ளத்தின் அடியில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியம் தேடுவோம். அடியில் இருந்து போகக்கூடிய திசை பெரும்பாலும் மேலேதான். அப்போது கையில் என்ன இருக்கிறதோ அதுக்குப் பெயர் கிடைத்துவிடும்.

என் ஓ.பி.யில் இதைத் தினமும் பார்க்கிறேன். ஒரு வாரம் சளி, நாலாவது நாள் உச்சம், அன்றைக்கு ஒரு ஊசி. ஏழாவது நாள் சரி. "அந்த ஊசிதான் டாக்டர் கேட்டுச்சு." ஊசி போடாமல் விட்டிருந்தாலும் ஏழாவது நாள் சரியாகியிருக்கும். அதைச் சொன்னால் நான் கெட்ட டாக்டர்.

18/
இதன் இருண்ட பக்கம் ஒன்று இருக்கு. டேனியல் கானெமன் என்ற உளவியலாளர் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களிடம் பேசியதை எழுதியிருக்கிறார். பாராட்டினால் அடுத்த முறை மோசமாக ஓட்டுகிறான், திட்டினால் நன்றாக ஓட்டுகிறான், அதனால் திட்டுவதுதான் வேலை செய்யும் என்றார் ஒரு பயிற்சியாளர்.

உண்மை என்ன? ரொம்ப நன்றாக ஓட்டிய அன்றைக்குப் பாராட்டுவார்கள். அடுத்த நாள் இயல்பாகவே கொஞ்சம் குறையும். ரொம்ப மோசமாக ஓட்டிய அன்றைக்குத் திட்டுவார்கள். அடுத்த நாள் இயல்பாகவே கொஞ்சம் கூடும். திட்டு சும்மா நின்றுகொண்டே பேர் வாங்கிக்கொண்டது.

19/
யோசிச்சுப் பாருங்க. பரீட்சையில் கோட்டை விட்ட பிள்ளையை அடிக்கும் அப்பா, ஜூனியரை எல்லார் முன்னாலும் கிழிக்கும் சீஃப், தோற்ற ஆட்டக்காரனை வசை பாடும் ரசிகன். எல்லாருக்கும் ஒரே அனுபவம்: "திட்டினேன், உருப்பட்டான்."

இயற்கையே நமக்குத் தப்பான பாடம் நடத்துகிறது. அன்பு எப்போதும் தோற்ற மாதிரியும் கோபம் எப்போதும் ஜெயித்த மாதிரியும் தெரியும். நிஜத்தில் இரண்டுக்கும் அங்கே பங்கு கம்மி.

20/
புரூக்ளினுக்கு நேர் எதிரான கதை பாஸ்டனில் நடந்தது. 1986 அக்டோபர் 25, வேர்ல்ட் சீரிஸ் ஆறாவது ஆட்டம். பாஸ்டன் ரெட் சாக்ஸின் பில் பக்னர் கால்களுக்கு நடுவே ஒரு பந்து உருண்டு போனது. நியூயார்க் மெட்ஸ் ஜெயித்தது.

அந்தப் பந்து வரும் முன்பே பாஸ்டன் இரண்டு ரன் முன்னிலையைக் கோட்டை விட்டு ஸ்கோர் சமமாகிவிட்டது. ஏழாவது ஆட்டம் ஒன்று மீதியும் இருந்தது, அதிலும் தோற்றார்கள். ஆனால் பழி முழுக்க ஒரே ஆள் மேல். கணுக்கால் கெட்டுப்போய் வலியோடு ஆடிக்கொண்டிருந்த 36 வயது மனுஷன் மேல்.

21/
பக்னர் வாழ்நாளில் 2,715 ஹிட் அடித்தவர். யாருக்கும் அது ஞாபகம் இல்லை. குடும்பத்தோடு தூரத்து ஐடஹோ மாநிலத்தில் போய்க் குடியேறினார். 2008 ஏப்ரல் 8-ல் பாஸ்டன் மைதானத்துக்கு அழைத்து முதல் பந்தை வீசச் சொன்னார்கள். மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. அவர் கண் கலங்கினார்.

21 வருஷத்துக்கு மேல் தாமதமான கைதட்டல். 2019-ல் லூயி பாடி டிமென்ஷியா என்ற மறதி நோயில் இறந்தார்.

22/
"டாக்டர், இதெல்லாம் பழைய கதை"ன்னு சொல்றீங்களா? இந்தாங்க, 2023. ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அணி டிரே டர்னரை 11 வருஷத்துக்கு 30 கோடி டாலர் கொடுத்து எடுத்தது. முதல் சீசனே சொதப்பல். ஆகஸ்ட் தொடக்கத்தில் சராசரி 0.235. அணியோ பிளே ஆஃப் இடத்துக்கு முட்டி மோதிக்கொண்டிருக்கிறது.

ஃபிலடெல்ஃபியா ரசிகர்கள் எப்படிப்பட்டவர்கள்? 1968-ல் ஒரு கால்பந்து ஆட்டத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டு வந்தவரையே பனிக்கட்டியால் அடித்தவர்கள்.

23/
ஆகஸ்ட் 4. டர்னர் பேட் பிடித்து வந்தார். அதே ரசிகர்கள் மொத்தமாக எழுந்து நின்று கைதட்டினார்கள். உள்ளூர் ரேடியோவிலும் சமூக ஊடகத்திலும் பேசிப் பேசி முடிவு பண்ணி வந்திருந்தார்கள்.

அதன் பிறகு 48 ஆட்டத்தில் 0.337 சராசரி, 16 ஹோம் ரன். ஊரில் பெரிய விளம்பரப் பலகைகள் வைத்து ரசிகர்களுக்கு நன்றி சொன்னார் டர்னர். அணி பிளே ஆஃப் போனது.

24/
உடனே "பாத்தீங்களா, கைதட்டல் வேலை செய்யுது"ன்னு ஆரம்பிக்காதீங்க. டர்னரின் பழைய வருஷங்களைப் பார்த்தால் 0.235 அவர் தரமே இல்லை. எப்படியும் ஏறியிருப்பார். எவ்வளவு ஏற்றம் கைதட்டலால், எவ்வளவு இயல்பால் என்று பிரிக்க நமக்கு இன்னொரு டர்னர் வேண்டும், கைதட்டல் வாங்காத டர்னர்.

அப்புறம் லீக் இறுதியில் ஃபில்லீஸ் 3-2 என்று முன்னிலை. மீதி இரண்டும் சொந்த மைதானம். இரண்டிலும் தோற்றார்கள். 1952 புரூக்ளின் மாதிரியே, அச்சு அசல்.

25/
அப்போ கைதட்டுவதில் என்னதான் லாபம்? இங்கேதான் என் சொந்தக் கதை ஒன்று.

ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலம். ஒரு வாரம் எனக்கு வெய்னே கிடைக்கவில்லை. யாருக்கு வென்ஃப்ளான் போடப் போனாலும் இரண்டு மூன்று முறை குத்த வேண்டியிருந்தது. ஒரு பாட்டியம்மாவுக்கு நான்காவது முறையும் தப்பி, கை வீங்கிப்போனது. அந்தம்மா வலியில் ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

26/
டூட்டி சிஸ்டர் வந்து ஒரே முறையில் போட்டுவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டு விழும் என்று நினைத்தேன். "போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க சார். அடுத்த பெட்டுக்கு நீங்கதான் போடணும், நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார்.

அடுத்தது முதல் முறையே கிடைத்தது. சராசரிக்குத் திரும்பியதுதான். திட்டியிருந்தாலும் கிடைத்திருக்கும். ஆனால் திட்டியிருந்தால் மறுநாள் நான் அந்த வார்டுக்குப் போயிருப்பேனா என்பதுதான் கேள்வி. போகாத ஆளுக்குச் சராசரி ஏது?

27/
என் விடை இதுதான். கைதட்டல் பந்தை அடிக்காது. ஜெபம் வெய்னைக் கண்டுபிடிக்காது. ஆனால் சராசரிக்குத் திரும்ப ஒருத்தர் ஆட்டத்தில் நீடிக்க வேண்டும். பள்ளத்தில் இருக்கும் ஆளைப் பள்ளம் முடியும் வரை ஓடவிடாமல் பிடித்து வைப்பது அன்புதான்.

கூடவே டிரெஸ்ஸன் பண்ணிய வேலையும் வேண்டும். கால் எங்கே விலகுகிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள். ஒன்று இருந்து இன்னொன்று இல்லாவிட்டால் அரைகுறை வைத்தியம்.

28/
கதையின் முடிவைச் சொல்லாமல் விட்டால் பாவம். 1955 அக்டோபர் 4. வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது ஆட்டம், யாங்கீஸ் மைதானம். டாட்ஜர்ஸ் 2-0 என்று ஜெயித்தது. புரூக்ளினுக்கு முதல் பட்டம், ஒரே பட்டமும் அதுதான். 1957 சீசனோடு அணி லாஸ் ஏஞ்சலீஸ் போய்விட்டது.

அந்த இரண்டு ரன்னையும் உள்ளே அனுப்பியது யார் தெரியுமா? கில் ஹாட்ஜஸ். கடைசி அவுட்டில் பீ வீ ரீஸ் எறிந்த பந்து போய் விழுந்த கையுறை யாருடையது? அதுவும் ஹாட்ஜஸ்.

29/
பிறகு மேனேஜர் ஆனார். முந்தின வருஷம் 73 ஆட்டம் மட்டும் ஜெயித்திருந்த நியூயார்க் மெட்ஸை 1969-ல் 100 வெற்றிக்குக் கொண்டுபோய் வேர்ல்ட் சீரிஸும் வாங்கிக் கொடுத்தார். தோற்பது என்றால் என்ன என்று தெரிந்த மேனேஜர்.

ஆனால் சிகரெட் பழக்கம் இருந்தது. 1968 செப்டம்பரில் ஆட்டத்தின் நடுவிலேயே முதல் மாரடைப்பு. 1972 ஏப்ரல் 2-ல் கோல்ஃப் ஆடிவிட்டு வரும்போது இரண்டாவது. 48-வது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு இறந்துபோனார்.

30/
முதல் ஆஞ்சியோபிளாஸ்டி ஜூரிக்கில் நடந்தது 1977-ல். ஐந்து வருஷம் முந்திவிட்டார். சிகரெட் விஷயத்தில் சராசரிக்குத் திரும்புதல் எல்லாம் கிடையாது, நண்பர்களே. தானாகச் சரியாவது எது, தானாகச் சரியாகாதது எது என்று பிரித்துச் சொல்லத்தான் டாக்டர் இருக்கிறார். நெஞ்சு வலியோடு வீட்டில் உட்கார்ந்து ஜெபம் மட்டும் சொல்லாதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.

31/
பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேம் அவரைப் பல முறை ஓட்டெடுப்பில் தள்ளி வைத்தது. 75 சதவீதம் வேண்டும், எட்டவில்லை. 2021 டிசம்பரில்தான் தேர்வானார். 2022 ஜூலையில் சேர்க்கப்பட்டபோது அவர் இறந்து 50 வருஷம். மனைவி ஜோன் 95 வயதில் அதைப் பார்த்துவிட்டு, அதே செப்டம்பரில் கண் மூடினார்.

32/
உங்கள் வீட்டிலோ ஆபீஸிலோ இப்போது 21-க்கு 0 என்று நிற்கும் ஒருத்தர் கட்டாயம் இருப்பார். பிள்ளையாக இருக்கலாம், தம்பியாக இருக்கலாம், புதுசாக வந்த ஜூனியராக இருக்கலாம். நீங்களாகவும் இருக்கலாம்.

அடுத்த முறை அவர் பேட் பிடித்து வரும்போது எழுந்து நின்று ஒரு கை தட்டுங்க. கால் எங்கே விலகுது என்று அப்புறம் தனியாகச் சொல்லிக்கலாம்.

நாளை ஓ.பி. இருக்கு, கேள்விகளுக்குச் சாயங்காலம் பதில் போடுகிறேன்.